ஜப்பானியச் சமையற் கத்தியும் அதைச் செய்யும் பல கைகளும்

கத்தி வாங்கச் செல்பவர் முதலில் அதன் வாயைத்தான் பார்ப்பார். கூர் இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார், விலை கேட்பார், வாங்கிச் செல்வார். கூர் வைத்தவர் யார், பிடியைச் செதுக்கியவர் யார், பூண் போட்டவர் யார் என்று வினவுபவர் மிகச் சிலரே. நெசவாளர்களான நம் அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியன்று. சேலையின் முந்தானையை மெச்சுகிறவர் சாயம் ஏற்றியவரையும் பாவு தோய்ந்தவரையும் நினைத்துப் பார்ப்பதில்லையன்றோ?

ஜப்பான் நாட்டில் கையால் அடித்துச் செய்யப்படும் சமையற் கத்திகளுக்கு இன்று பல நாடுகளிலும் மதிப்பு இருக்கிறது. அயல்நாட்டுச் சமையற் கலைஞர்கள் அவற்றைத் தேடி வாங்குகின்றனர். ஒரு கத்திக்கு அவர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால் நம்மில் பலர் வியப்படைவர். அந்த விலை எதற்காகக் கிடைக்கிறது, கிடைக்கும் பணம் யார் யார் கைக்குப் போகிறது என்பதே கூட்டுறவாளர் கேட்க வேண்டிய கேள்வி. விடை காண வேண்டுமாயின், கத்தி எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

முழுதும் எஃகாலான கத்தி நன்றாக வெட்டும். ஆனால் கல்தரையில் விழுந்தால் முறியக்கூடும். முழுதும் மெல்லிரும்பாலான கத்தி முறியாது. ஆனால் அதில் கூர் நில்லாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே அடிக்கின்றனர். நம் ஊர்க் கொல்லர் அரிவாளின் வாய்க்கு எஃகு வைத்து அடிப்பதைக் கண்ட விவசாயிகளுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். மீனை மெல்லிய வில்லைகளாக அரியும் நீண்ட கத்தியில் ஒரு பக்கம் இரும்பும் மறுபக்கம் எஃகும் இருக்கும். கூரும் ஒரு பக்கமே சாய்த்து வைக்கப்படும். வீடுகளில் புழங்கும் ‘சாந்தோக்கு’ போன்ற கத்திகளில் எஃகு நடுவிலும் இரும்பு அதன் இரு புறமும் இருக்கும். இறைச்சி, மீன், காய்கறி மூன்றுக்கும் ஆகும் என்பதால் ‘மூன்று நற்குணம்’ என்ற பொருளில் அதற்கு அப்பெயர் வந்தது என்பர்.

எஃகிற்குப் பேர்போன ஊர் ஷிமானே மாகாணத்திலுள்ள யாசுகி. அங்கே செய்யப்படும் எஃகின் இரு வகைகளுக்கு ‘வெள்ளைக் காகிதம்’, ‘நீலக் காகிதம்’ என்று பெயர். எஃகு வெள்ளையுமன்று, நீலமுமன்று. ஆலையில் அடையாளத்துக்காக ஒட்டிய காகிதத்தின் நிறமே பெயராக நிலைத்துவிட்டது. வெள்ளையில் இரண்டாம் எண் எஃகில் நூற்றுக்கு 1.05 முதல் 1.15 பங்கு வரை கார்பன் கலந்திருக்கும். நீல வகையில் அதனோடு சிறிது குரோமியமும் டங்ஸ்டனும் சேர்ப்பர்; கூர் சற்று நீடித்து நிற்பதற்கு அதுவே காரணம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ‘வாள் செய்யும் எஃகினாலான கத்தி’ என்று சொல்லிச் சில வியாபாரிகள் விலையை ஏற்றுகின்றனர். இரும்பு மணலையும் மரக்கரியையும் மண் உலையில் மாறி மாறி இட்டு, மூன்று நாள் இரவும் பகலும் விழித்திருந்து உருக்கி எடுக்கும் பழைய முறை ஒன்று உண்டு. நின்றுபோயிருந்த அந்த உலை அதே ஷிமானே மாகாணத்தில் 1977-இல் மீண்டும் ஏற்றப்பட்டு, குளிர்காலங்களில் மட்டும் எரிகிறது. அதில் கிடைக்கும் எஃகு வாள் செய்யும் கொல்லர்களுக்கென்றே எடுக்கப்படுவது. சமையலறைக்கு அது வருவது மிக அரிது. நல்ல சரக்கிற்குப் பொய்ப் பெயர் சூட்டுவது அச்சரக்கைச் செய்தவனுக்கே இழுக்கு.

கொல்லர் இரும்பைக் காய்ச்சி, அதன்மீது வெண்காரமும் இரும்புத் தூளும் கலந்த பொடியைத் தூவி, எஃகுத் துண்டை வைத்து, மீண்டும் உலையிலிட்டு அடிப்பார். இரண்டும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். அளவுக்கு மேல் காய்ந்தால் எஃகின் கார்பன் எரிந்துபோகும், குறைந்தால் ஒட்டாது. வடிவம் அடித்த தகட்டை வைக்கோற் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுவதும் உண்டு. அடியினால் எஃகில் ஏறிய இறுக்கம் அதனால் தளரும். பின்னர் களிமண் கரைசலைப் பூசி உலர்த்தி, சுமார் 800 டிகிரி வரை காய்ச்சி, நீரில் தோய்ப்பர். களிமண் பூசாத எஃகைச் சுற்றி நீராவிக் குமிழிகள் படர்ந்து, குளிர்ச்சி ஒரே சீராகப் பரவாமல் தடுக்கும். மண்பூச்சு அதைத் தவிர்க்கிறது. காய்ச்சலின் பதத்தை நிறத்தைக் கொண்டே அறிய வேண்டியிருப்பதால் உலைக்கூடத்தை இருட்டாக வைத்திருப்பது வழக்கம். தோய்த்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையது. அதைச் சுமார் 150 முதல் 200 டிகிரி வரை இளஞ்சூட்டில் வாட்டி எடுத்த பிறகே அது கத்திக்கு ஆகும்.

இத்தனையும் சம்மட்டியாலேயே நடக்கிறதா என்று கேட்கலாம். இல்லை. பெரும்பாலான பட்டறைகளில் எந்திரச் சம்மட்டி உண்டு. இரும்பும் எஃகும் முன்னரே ஒட்டப்பட்ட தகட்டை ஆலையிலிருந்து வாங்கி அடிப்பவரும் பலர். அப்படியானால் இது கைத்தொழிலா என்ற வழக்கு, தறி உலகில் நாம் நெடுநாளாகக் கேட்டுவரும் வழக்கே. ஜப்பானியர் 1974-ஆம் ஆண்டு மரபுக் கைத்தொழில்களுக்கென ஒரு சட்டம் இயற்றினர். அன்றாட வாழ்வில் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும். செய்முறையின் முக்கியமான பகுதி கையால் நடைபெற வேண்டும். முறையும் மூலப்பொருளும் ஏறக்குறைய நூறாண்டுகளாக வழங்கி வந்தவையாக இருக்க வேண்டும். ஒரே வட்டாரத்தில் பத்துப் பட்டறைகளோ முப்பது தொழிலாளரோ இருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். விண்ணப்பம் தனி மனிதரிடமிருந்து செல்லலாகாது. உற்பத்தியாளர் சங்கத்திடமிருந்தே செல்ல வேண்டும். ‘முக்கியமான பகுதி’ என்ற சொல்லில் எந்திரத்துக்கும் இடம் விட்டுவிட்டார்கள். அது நியாயம் என்றே நமக்குத் தோன்றுகிறது. கொல்லரின் தோளைச் சம்மட்டி எந்திரம் காக்கிறது. தகட்டை எங்கே, எப்பொழுது, எந்தச் சாய்வில் வைப்பது என்பதை அது சொல்லிக் கொடுப்பதில்லை.

கொல்லரிடமிருந்து வெளிவரும் தகடு கருத்து, தடித்து, கூரற்று இருக்கும். அடுத்த தொழில் கூர் வைப்பவருடையது. நீர் தெளித்துச் சுழலும் பெரிய சாணைச் சக்கரத்தில் தகட்டைத் தேய்த்து மெலிப்பார். தேய்க்கும்போது தகடு வளையும், சிறு சுத்தியலால் தட்டி நிமிர்த்துவார், மறுபடி தேய்ப்பார். இவ்வாறு பலமுறை. கடைசியில் கரடான கல்லிலிருந்து மெல்லிய கல்வரை மாற்றிக் கூரைத் தீட்டி முடிப்பார். ஒரு பக்கக் கூருள்ள கத்தியின் பின்புறத்தைச் சற்றே குழிவாக அமைப்பதும் இவர் வேலை. அந்தக் குழிவினால்தான் அரிந்த துண்டு கத்தியில் ஒட்டாமல் விழுகிறது.

இனிப் பிடி. இதற்கு ஜப்பானியர் பெரிதும் கொள்வது ‘ஹோ’ என்னும் மரம். மக்னோலியா இனத்தைச் சேர்ந்தது. இலேசானது, மென்மையானது, ஈரக் கையில் வழுக்காது. வாள்களுக்கு உறை செய்யவும் இம்மரத்தையே நாடினர். பிடி தகட்டோடு சேரும் வாயில் எருமைக்கொம்பினால் ஒரு பூண் போடுவர். மரம் வெடிக்காமல் அது காக்கும். பொருத்தும் முறை வெகு எளிது. தகட்டின் கூரிய காம்பைப் பழுக்கக் காய்ச்சிப் பிடியின் துளையில் செலுத்துவார்கள். காம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எரித்து அமைத்துக்கொள்ளும். பிறகு பிடியின் அடியைத் தட்டித் தட்டி இறுக்குவார்கள். பிடி பழுதானால் தட்டிக் கழற்றிவிட்டுப் புதியது போடலாம்.

வெறும் மரப்பிடியே வேலைக்குப் போதுமானது. எனினும் உயர்ந்த கத்திகளின் பிடியிலும் உறையிலும் ‘உருஷி’ என்னும் பூச்சு இடுகின்றனர். இதை அரக்கு என்று சிலர் எழுதுகிறார்கள். நம் நாட்டு அரக்கு ஒரு பூச்சி தருவது. உருஷியோ ஒரு மரத்தின் பால். மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. துணியில் அடையாளமிடச் சலவைத் தொழிலாளர் பயன்படுத்திவந்த சேங்கொட்டையும் இதே குடும்பம்தான். சேங்கொட்டைப் பால் பட்டால் உடல் தடித்துப் புண்ணாவது போலவே, காயாத உருஷி பட்டாலும் ஆகும்.

பயிர் செய்யும் அங்கத்தினர்கள் இம்மரத்தின் கணக்கைக் கேட்டால் திகைப்பார்கள். நட்டுப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் பட்டையைக் கீறத் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை முந்திய கீறலுக்கு மேல் புதிய கீறல் போட்டு, இலையுதிர் காலம் வரை சொட்டுச் சொட்டாக வழித்தெடுக்கிறார்கள். ஒரு மரம் தருவது ஏறக்குறைய 200 கிராம். அதோடு மரத்தை வெட்டிவிடுகின்றனர். வேரிலிருந்து துளிர்ப்பதை மறுபடி வளர்க்க வேண்டும். உலரும் விதமும் விந்தையானது. மற்றப் பூச்சுகள் வெயிலில் காயும். இது ஈரக் காற்றில்தான் இறுகும். பாலிலுள்ள ஒரு நொதிப்பொருள் ஈரமும் மிதமான வெப்பமும் இருந்தால்தான் காற்றிலிருந்து பிராணவாயுவை வாங்கிப் பாலைக் கெட்டிப்படுத்தும். ஆகவே ஈரப்பதம் நூற்றுக்கு 70 முதல் 80 வரை இருக்கும் பெட்டிக்குள் வைத்து உலர்த்துகிறார்கள். ஒருமுறை இறுகிவிட்டால் நீரோ, உப்போ, புளிப்போ அதை எளிதில் தொடாது. சமையலறைக் கத்திக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு வேறு என்ன வேண்டும்? ஆனால் இன்று ஜப்பானில் பயன்படும் உருஷியில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவதே.

கொல்லர், கூர் வைப்பவர், பிடி செய்பவர், பூச்சுக்காரர் என்று கைகள் பலவானால், அவற்றை இணைப்பவர் ஒருவர் வேண்டும். அந்த இணைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரிடமே விலையும் இருக்கும்.

ஒசாக்காவுக்கு அருகிலுள்ள சாக்காய் நகரம் இதற்கு ஒரு வழி கண்டது. போர்த்துகீசியர் வழியாகப் புகையிலை வந்து, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் புகையிலையை நறுக்கும் கத்திகள் அங்கே செய்யப்படலாயின. தொக்குகாவா ஆட்சியாளர்கள் அக்கத்திகளுக்கு ‘சாக்காய் கிவாமே’ என்ற தர முத்திரை அளித்து ஆதரித்தனர். பின்னர் சமையற் கத்திகளுக்கும் அந்நகரம் பெயர் பெற்றது. அங்கே கொல்லர் வேறு, கூர் வைப்பவர் வேறு. பிடி பொருத்தி, பெயர் பொறித்து விற்பவர் மொத்த வியாபாரி. ஒரே வேலையில் வாழ்நாள் முழுவதும் பழகுவதால் ஒவ்வொருவர் கையும் மிகத் தேர்ந்தது. அதை எவரும் மறுக்க முடியாது. வியாபாரியும் வெறும் தரகர் அல்லர். தரம் பார்ப்பவரும், எந்தக் கொல்லரின் தகட்டிற்கு எந்தக் கூர்காரர் பொருத்தம் என்று அறிந்தவரும் அவரே. ஆயினும் கத்தியில் நெடுங்காலமாக விளங்கியது அவருடைய பெயர்தான். வாங்கியவர் கொல்லரை அறியார். தம் கத்தி எங்கே போயிற்று என்பதைக் கொல்லரும் அறியார். சாக்காயின் கத்தி 1982-இல் மேற்சொன்ன சட்டத்தின்கீழ் மரபுக் கைத்தொழிலாக அறிவிக்கப்பட்டது.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1979-இல், அந்த மதிப்பைப் பெற்றுவிட்ட ஊர் ஒன்று ஜப்பான் கடலோரத்தில் ஃபுக்குய் மாகாணத்தில் இருக்கிறது. அன்று அதன் பெயர் தாக்கேஃபு. 2005-இல் பக்கத்து ஊரோடு இணைந்து எச்சிசென் நகரம் ஆயிற்று. கியோட்டோவிலிருந்து 1337-இல் குனியாசு என்னும் வாட்கொல்லர் நல்ல நீரைத் தேடி அங்கு வந்ததாகவும், வாள் செய்த கையோடு குடியானவர்களுக்குக் கதிர் அரிவாளும் அடித்துக் கொடுத்ததாகவும் மரபுரை வழங்குகிறது. ஊரின் பெயரைப் பரப்பியவை அரிவாள்களே. இவற்றை நாடெங்கும் கொண்டு சென்றவர்களில் உருஷி எடுப்போரும் இருந்தனர். பால் இறக்குவதற்காகத் தொலைதூர மலைகளுக்கு எச்சிசென் ஆட்கள் போவது வழக்கம். போகும்போது அரிவாளையும் சுமந்து சென்று விற்றனர். கத்தியின் பிடியில் உருஷி ஏறுவதற்கு முன்பே இவ்விரு தொழில்களும் வழித்துணையாக இருந்திருக்கின்றன.

இவ்வூர்க் கொல்லர்களின் முறை ஒன்றை நம் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எந்திரச் சம்மட்டியின்கீழ் சேர்த்தே அடிக்கின்றனர். மெல்லிய தகடு தனியே இருந்தால் விரைவில் ஆறிவிடும். இரண்டு சேர்ந்திருந்தால் ஒன்றின் சூட்டை ஒன்று காக்கும். கனமும் சீராக அமையும். வேலையும் விரைவில் முடியும். பிறகு இரண்டையும் பிரித்துத் தனித்தனியே முடிப்பார்கள்.

கதிர் அறுக்கும் எந்திரம் வந்தபோது அரிவாளுக்குக் கேட்பு குறைந்தது. தகட்டிலிருந்து அச்சடித்து வெட்டிய மலிவான துருப்பிடிக்காத கத்தி வந்தபோது சமையற் கத்திக்கும் அதே கதி நேர்ந்தது. வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுப்பதைத் தவிரக் கொல்லருக்கு வழியில்லை. மகன் வேறு வேலைக்குப் போனான்.

இந்நிலையில் 1980-களின் தொடக்கத்தில் பத்துப் பட்டறையினர் ஒன்றுசேர்ந்தனர். அவர்களோடு நின்றவர் அதே மாகாணத்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் கவாசாக்கி கசுவோ. பழைய முறையில் அடித்த தகட்டிற்குப் புதிய வடிவம் கொடுத்து, ‘தாக்கேஃபு கத்திக் கிராமம்’ என்ற பொதுப் பெயரோடு தலைநகரில் கண்காட்சி வைத்தார்கள். வியாபாரியைக் கேட்காமல் தொழிலாளர் தாமே கடைவிரித்தது அத்தொழிலில் சிறிய காரியமன்று. 1993-இல் அவர்களுடைய பொதுப் பட்டறை எழுந்தது. ஒரே கூரையின்கீழ் உலைகள், சம்மட்டி எந்திரங்கள், சாணைகள். மேல்தளத்தில் நின்று பார்வையாளர் வேலையைக் காண்பதற்கு வழி. பக்கத்திலேயே விற்பனைக் கூடம். பத்துப் பட்டறைகளும் கலைந்து ஒன்றாகிவிடவில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அவரவர் கணக்கு அவரவருக்கு; அவரவர் பெயர் அவரவர் கத்தியில். பொதுவானவை கூரையும், ஊர்ப்பெயரும், விற்பனைக்கூடமும். அமைப்பின் வடிவம் கூட்டுறவுச் சங்கம். சிறு தொழிலினருக்கான ஜப்பானியக் கூட்டுறவுச் சட்டம் 1949-இல் இயற்றப்பட்டது. நால்வர் சேர்ந்தாலே அதன்கீழ்ச் சங்கம் அமைக்கலாம். பங்கு எத்துணையாயினும் அங்கத்தினருக்கு வாக்கு ஒன்றே.

போட்டியாளர்கள் ஒரே கூரையின்கீழ் உலை மூட்டினால் தொழில் இரகசியம் என்னாகும் என்ற ஐயம் எழுவது இயல்பு. ஒருவர் உலையின் நிறம் அடுத்தவருக்குத் தெரியத்தான் செய்யும். ஆனால் ஒரு பட்டறையில் வேலை பழக வந்த இளைஞர் மற்றவர்களின் கையையும் தினந்தோறும் பார்க்கிறார். வெளியூர்களிலிருந்து இளைஞர்கள் இங்கே தொழில் பழக வருகின்றனர். கொல்லர் மகனே கொல்லராக மறுத்த ஊரில் இது நடந்திருக்கிறது. இரகசியத்தால் வரும் இலாபத்தைவிட இது பெரிது என்பது நம் கருத்து.

குறையும் உண்டு, அதை மறைத்தல் ஆகாது. ஊரிலுள்ள கொல்லர் எல்லாரும் இச்சங்கத்தில் இல்லை. உருஷிப் பூச்சுக்காரர்களின் ஊர் பக்கத்திலுள்ள சபாயே நகரைச் சேர்ந்த கவாடா. அவர்களுக்குச் சங்கமும் வேறு. பிடி செய்வோரும் தனித்தொழிலினரே. ஆகவே கத்தியின் விலை உயரும்போது பிடிக்காரருக்கும் பூச்சுக்காரருக்கும் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது, கத்தி செய்வோர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் தானாகவே தெரிந்துவிடாது. கணக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இக்கேள்வி மனத்தில் நிற்கிறது. நெசவாளர் சங்கம் ஒன்றில் தறிகள் எல்லாம் இயங்கிக்கொண்டிருக்க, அச்சுக் கட்டும் முதியவர் ஒருவர் நோயுற்றதனால் பல தறிகள் வாரக்கணக்கில் நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். அவர் அச்சங்கத்தின் அங்கத்தினர் அல்லர். அவருடைய கூலியைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச்சு எழுந்ததில்லை.

கத்தியைப் பொறுத்தவரை இணைப்பு அறுந்துபோகாமல் காப்பது ஓரளவு அதன் அமைப்பே. கார்பன் எஃகுக் கத்தியைத் துடைக்காமல் வைத்தால் துரு ஏறும். தினம் புழங்கினால் கூர் மழுங்கும். ஆண்டுகள் சென்றால் ஈரத்தில் பிடி இற்றுப்போகும். செய்தவர் பெயர் கத்தியிலேயே இருப்பதால் எங்கே அனுப்புவது என்பதை உடைமைக்காரர் அறிவார். சாணை பிடிக்கவும் நிமிர்த்தவும் கத்திகள் பட்டறைக்குத் திரும்பி வருகின்றன. காம்பைத் தட்டிக் கழற்றி, புதிய ஹோ மரப் பிடி ஒன்றைப் பூணோடு பொருத்தி அனுப்புகின்றனர். பழைய கத்தி ஒன்று இவ்வாறு திரும்பி வரும் நாளில் கூர்காரருக்கும் பிடிக்காரருக்கும் மீண்டும் கூலி உண்டு.